கேட்டல் என்னும் கடமை

தமிழில் ‘கேள்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. வினாவுதல் ஒன்று, செவிகொடுத்தல் மற்றொன்று. எக்காரணத்தாலாயினும் இவ்விரு செயல்களும் நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது நமக்கு நல்லதொரு பாடமாகும். வினாவிவிட்டு விடைக்குச் செவிகொடாது போகிறவன் பாதி கேட்டவனேயாவான். பாதி கேட்டவனைக் கேட்டவன் என்று சொல்லுதல் பொருந்தாது.

அரசாங்கம் ஒரு ரயில் பாதையை உத்தேசிக்கும்போது பொதுஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு; நம் மலேசியாவிலும் உண்டு. ஏன் கேட்க வேண்டும்? யாரைக் கேட்க வேண்டும்? கேட்ட பின் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவை ரயிலைப் பற்றிய வினாக்கள்போல் தோன்றினும், ஒரு மனிதன் மற்றொரு மனிதனை எவ்வாறு மதிக்க வேண்டும் என்னும் ஒழுக்க வினாவே இவற்றின் அடியில் கிடக்கிறது.

முதற்கண் நம் நாட்டு முறையைக் காண்போம். 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, புதிய ரயில் பாதையின் திட்டம் மூன்று மாத காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பாதை எவ்வெவ்விடம் செல்லும், நிலையங்கள் எங்கெங்கே அமையும் என்பன படங்களால் காட்டப்பெறும். பார்த்தவர் தம் கருத்தை எழுதித் தரலாம். சுங்கை பூலோவையும் காஜாங்கையும் இணைக்கும் 51 கிலோமீட்டர் எம்.ஆர்.டி. பாதையின் திட்டம் 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை இவ்வாறு வைக்கப்பட்டது. புத்ராஜெயாப் பாதையும், பண்டார் உத்தாமாவிலிருந்து கிள்ளான் செல்லும் பாதையும் 2015-இல் வைக்கப்பட்டன. கோலாலம்பூரை வட்டமிடும் மூன்றாம் எம்.ஆர்.டி. பாதை 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை வைக்கப்பட்டது. சட்டம் வழிவகுத்திருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம்.

‘பட்டணத்து ரயிலுக்கும் தோட்டத்து ஜனங்களுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று வட சிலாங்கூரிலுள்ள நம்மவர் சிலர் வினவக்கூடும். பட்டணம் ஓரிடத்தில் நிற்பதன்று, நடந்து வருவது. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் மரம் வளர்த்த பெருநிலத்தின்மீதே இன்று குவாசா டாமன்சாரா என்னும் நிலையமும் அதனைச் சார்ந்த புது நகரும் எழுந்துள்ளன. பால்மரம் நின்ற இடத்தில் தண்டவாளம் கிடக்கிறது. கிழக்குக் கரை ரயில் பாதையோ இன்னும் நெருங்கிவிட்டது. அது பாங்கி, புத்ராஜெயா வழியாகத் தெற்கே செல்லும் என்று 2019-இல் தீர்மானித்தார்கள். 2020-இல் செரண்டா வழியாக வடக்கே திருப்பினார்கள். சிலாங்கூர் மாநில அரசாங்கம் முதலில் மறுத்துப் பின்னர் 2021-இல் இணங்கிற்று. அத்திருப்பத்தின் பயனாகக் கோல சிலாங்கூர் மாவட்டத்துப் புஞ்சாக் ஆலமுக்கு ஒரு நிலையம் குறிக்கப்பட்டது. எங்கோ ஒரு மேசைமீது கோடு இடம் மாறினால், ஈஜோக்கிலும் ஜெராமிலும் நிலத்தின் விலை மாறுகிறது. நிலத்தின் விலை மாறினால் செம்பனைக்கு நடுவே நிற்கும் லயத்தின் ஆயுளும் மாறுகிறது. ஆதலின் இது நம் காரியமே.

நம்மவர் இந்நாட்டு ரயிலைப் பிரயாணிகளாக மட்டும் அறிந்தவரல்லர். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதற்பாதை திறக்கப்பட்டது; அடுத்த ஆண்டில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி மற்றொன்று. பின்னர் நீண்ட பாதைகளில் கல் கொட்டியவரும், கட்டை அடுக்கியவரும், தண்டவாளம் காத்தவருமாகத் தமிழர் பல்லாயிரவர் உழைத்தனர். நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத்தார் பலர் இருந்தனர். பாதை எங்கே போக வேண்டும் என்று அவர்களை எவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்று எவரும் நினைத்ததுமில்லை.

அதனினும் கொடியதொன்றை நம் தோட்டங்கள் அறியும். 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர், சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர்ப் பாதை அமைத்தனர். அதற்கென மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். ஆசை காட்டி அழைக்கப்பட்டவர் சிலர். பிடித்து ஏற்றப்பட்டவர் சிலர். பேதியாலும் மலைச் சுரத்தாலும் பசியாலும் அடியாலும் மாண்டவர் தொகை மிகப் பெரிது. சயாம் மரண ரயில் என்று சொன்னால் இன்றும் வயோதிகர் முகம் வாடும். அக்கொடுமையை இன்றைய திட்டங்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது. நாம் ஒப்பிடவும் இல்லை. ஆயினும் கேளாமை என்னும் ஏணியின் கடைசிப் படி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டுகிறது. மனிதனை ஆளாக எண்ணாது எண்ணிக்கையாக எண்ணுவதே அவ்வேணியின் முதற்படி. அப்படியில் அறியாமலும் கால் வைக்கலாகாது.

நிற்க. கேட்பது வீண் என்போரின் நியாயங்களையும் நாம் நடுநின்று நோக்க வேண்டும். அவர் கூறுவது இது: ‘ரயில் பாதை என்பது மண்ணின் உறுதியும், ஏற்ற இறக்கமும், செலவும், பிரயாணிகளின் தொகையும் அறிந்த எஞ்சினீயர்கள் முடிவுசெய்ய வேண்டிய விஷயம். வீட்டுக்காரனைக் கேட்டால், நிலையம் என் தெருவில் வேண்டும், தண்டவாளம் அடுத்த தெருவில் போகட்டும் என்பான். இவ்வாறு ஒவ்வொருவனையும் கேட்டுக்கொண்டிருந்தால் நூறாண்டு சென்றாலும் ஒரு மைல் முடியாது. பத்துப் பேர் நஷ்டத்தால் பதினாயிரம் பேர் நன்மை பெறுவாராயின், அதுவே தருமம்.’ பெரும்பாலோரின் மிகுந்த நன்மையே அளவுகோல் என்று பெந்தாம் முதலிய ஆங்கில அறிஞர் கூறிய கொள்கையின் சாயலை இதிற் காணலாம்.

இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு வீட்டுக்காகப் பாதை முழுதும் நின்றுவிடுவது நியாயமன்று. அதிகாலையில் பஸ்ஸுக்காகக் காத்து நின்று கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பெண்மக்களுக்கு ரயில் எத்துணை அவசியம் என்பதைக் கோல சிலாங்கூரில் இருப்பவருக்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் இக்கூற்று இரண்டு இடங்களில் வழுக்குகிறது.

ஒன்று, அறிவைப் பற்றியது. மண்ணின் உறுதியை எஞ்சினீயர் அறிவார். மழைக்காலத்தில் எந்தச் சந்து முதலில் நீரில் மூழ்கும் என்பதை அங்கே குடியிருப்பவன் அறிவான். பாலத்தின் பாரத்தை அவர் அறிவார். பள்ளிப் பிள்ளைகள் எந்தக் குறுக்கு வழியாகப் போகிறார்கள், இரவு வேலை முடிந்து வரும் பெண்கள் எந்த இருட்டுக்கு அஞ்சுகிறார்கள் என்பதை அவர்களே அறிவார்கள். இவ்விரண்டும் சேராத திட்டம் ஒற்றைக்கால் திட்டம்.

மற்றொன்று, இதனினும் ஆழமானது. கேட்பதனால் புதிய செய்தி ஒன்றுமே கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் அறிந்த எஞ்சினீயர் ஒருவர் இருக்கிறார். அவர் வரைந்த பாதையே மிகச் சிறந்தது. அப்பொழுதும் கேட்க வேண்டுமா? வேண்டும் என்பதே நம் விடை. தகப்பன் ஒருவன் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறான். குணமும் கல்வியும் உத்தியோகமும் உள்ள மணமகன் கிடைத்துவிடுகிறான். பெண்ணைக் கேளாமலே நாள் குறிக்கிறான். பின்னர் அப்பெண் சுகமாகவே வாழக்கூடும். ஆயினும் அவளுக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டது அன்றோ? மாப்பிள்ளையின் தகுதி அவ்வநீதியைத் துடைக்காது. அவள் வாழ்வைப் பற்றிய தீர்மானத்தில் அவளை ஒரு பொருளாக வைத்தார்கள் என்பதே குற்றம். மனிதனை வெறுங்கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மானிய ஞானி கான்ட் 1785-இல் எழுதியதன் சாரமும் இதுவே. நன்மை செய்தல் வேறு, மதித்தல் வேறு. நன்மை செய்கிறோம் என்பது மதியாமைக்குச் சமாதானம் ஆகாது.

எனினும் திருமணத்துக்கும் ரயிலுக்கும் வேற்றுமை ஒன்று உண்டு. பெண் மாட்டேன் என்றால் திருமணம் நின்றுவிட வேண்டும். ஒரு குடியானவர் மாட்டேன் என்பதனால் மட்டும் பாதை நின்றுவிடாது. தடுக்கும் அதிகாரம் இல்லாதவரைக் கேட்பது நாடகம் ஆகாமல் இருக்க என்ன வேண்டும்? மூன்று வேண்டும். முடிவுக்கு முன்னே கேட்க வேண்டும். சொல்வது நியாயமாயின் மாற்றிக்கொள்ளச் சித்தமாய் இருக்க வேண்டும். மாற்ற இயலாதாயின், ஏன் இயலாது என்பதைச் சொன்னவருக்கே காரணத்தோடு பதில் கூற வேண்டும். இம்மூன்றும் இல்லாத கேள்வி வெறும் அறிவிப்பாகும். அறிவிப்பு தவறன்று, அறிவித்துவிட்டுக் கேட்டோம் என்று சொல்வதே தவறு.

இதற்கு உலக அனுபவம் சான்று. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பழைய ரயில் நிலையத்தைத் தரைக்கடியில் கொண்டுபோகும் திட்டம் 1994-இல் அறிவிக்கப்பட்டு, 2010-இல் வேலை தொடங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 30-இல் பூங்கா மரங்களை வெட்ட வந்தபோது மக்கள் மறித்தனர். போலீசார் நீரைப் பீய்ச்சி அடித்ததில் பலர் காயமுற்றனர். அதன் பின்னரே ஹைனர் கைஸ்லர் என்னும் முதிய அரசியல்வாதி நடுவராக அமர்ந்து, இரு தரப்பாரையும் மேசைக்கு அழைத்து, நாடு முழுவதும் தொலைக்காட்சியிற் காண விவாதம் நடத்தினார். 2011 நவம்பரில் மாநில மக்கள் வாக்களித்தபோது, மாநிலம் திட்டத்திலிருந்து விலகவேண்டாம் என்று நூற்றுக்கு ஏறக்குறைய 59 பேர் கூறினர். திட்டத்தைப் பெரும்பாலோர் ஏற்கவே செய்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னரே கேட்டிருந்தால் அந்தக் காயங்களுக்கு இடமிருந்திராது. சுவிட்சர்லாந்தோ வேறு வழி சென்றது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பாதை போடுவதா என்று 1992-இல் ஜனங்களிடமே வாக்குக் கேட்டார்கள். பணத்துக்கு வழி என்ன என்று 1998-இல் மறுபடியும் கேட்டார்கள். 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்டு சுரங்கம் 2016 ஜூன் 1-இல் திறக்கப்பட்டது. கேட்டதனால் மலை குடையப்படாமல் நின்றுவிடவில்லை.

நம் கோலாலம்பூரிலும் ஓர் உதாரணம் உண்டு. காஜாங் பாதையின் சுரங்கம் ஜாலான் சுல்தான் கடைவீதிக்கு அடியிற் செல்வதாயிற்று. அங்குள்ள நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்ற செய்தி 2011-இல் பரவியதும், தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்து வந்தவர்கள் திரண்டெழுந்தனர். நெடுநாட் பேச்சுக்குப் பின்னர் 2012-இல், உரிமையாளர் பலரோடு ஓர் உடன்பாடு ஏற்பட்டது: சுரங்கம் தோண்டும் காலத்தில் அவர்கள் தற்காலிகமாக வெளியேறுவது, நிலத்தின் உரிமை அவர்களிடமே இருப்பது. ரயிலும் ஓடுகிறது, உரிமையும் நின்றது. ஓராண்டுக் கொந்தளிப்புக்குப் பிறகு கண்ட வழியைக் கொந்தளிப்புக்கு முன்னரே ஒரே மேசையில் அமர்ந்து தேடியிருக்கலாம் அன்றோ?

இனி, யாரைக் கேட்பது என்னும் வினாவுக்கு வருவோம். நம்மவருக்கு முக்கியமானது இதுவே. ஜாலான் சுல்தான் வியாபாரிகள் பேசி வெல்ல முடிந்ததற்கு அவர்கள் ஊக்கம் ஒரு காரணம். அவர்கள் கையில் பட்டா இருந்தது மற்றொரு காரணம். 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், நஷ்டஈட்டுக்கு உரிய ‘சம்பந்தப்பட்டவர்’ யார் என்று இலக்கணம் கூறுமிடத்தில், உரிமையாளன் விரும்பும்வரை மட்டும் குடியிருப்பவன் அதில் அடங்கான் என்று விலக்கிவிடுகிறது. தோட்டத்து லயத்தில் இருப்பவன் நிலை இதனினும் உயர்ந்ததன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்து மாண்ட மண்ணாயினும், கிராண்டு என்று நாம் சொல்லும் பட்டாவில் அவன் பெயர் இல்லை. நிலம் கைமாறும்போது கம்பெனிக்குக் கடிதம் வரும். அவனுக்குச் செய்தி மட்டுமே வரும். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் ஒரு வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை இவ்வட்டாரம் நன்கறியும்.

இக்குறை மேனாட்டாரிடமிருந்து வந்தது என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நம் பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. போற்றத்தக்கதே. ஆயின் அவ்விதிகளை முழுதும் படித்தவர், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக்கல்வியும் உடையவனே தகுதியுடையான் என்றிருப்பதையும் கண்டிருப்பர். உழுதவன் பெயர் குடத்துக்குள் விழவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகள் சென்ற பின்னும், நிலம் உடையவன் பேச்சே பேச்சு, நிலத்தில் உழைப்பவன் பேச்சு இரைச்சல் என்று நாம் எண்ணுவோமாயின், பெருமைப்பட நமக்கு என்ன இருக்கிறது?

யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கு அளவுகோல் பட்டா அன்று, பாதிப்பு. ஒரு தீர்மானத்தால் எவன் வாழ்வு புரளுமோ அவனைக் கேட்க வேண்டும். இவ்வளவுகோலை ஏற்றால் அது நமக்கு அனுகூலமான இடத்தோடு நின்றுவிடாது. இன்று நம் லயங்களில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் குடியிருக்கின்றனர். நம் பாட்டன்மார் இருந்த நிலையில் அவர்கள் இருக்கின்றனர். நம்மைக் கேட்கவில்லை என்று வருந்தும் நாம் அவர்களைக் கேட்பதில்லை எனின், நாம் கேட்பது நீதியன்று. நம் பங்கு மட்டுமே. அவ்வாறே, பாதையருகே வீடில்லாதவனாயினும் அப்பாதையில் நாள்தோறும் போக வேண்டியவன் குரலும் கேட்கப்பட வேண்டும். எதிர்ப்பவன் குரல் உரத்து ஒலிக்கும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவன் மௌனமாகவே நிற்பான். அவனையும் தேடிப்போய்க் கேட்பதே முழுமையான கேள்வி.

எவ்வாறு கேட்பது என்பதும் சிறு விஷயமன்று. தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஆபீஸ் பலகையில் ஒட்டிய காகிதம் மழையில் நனைந்து உதிரும்வரை அங்கேயே இருக்கும். படித்தவர் நாலு பேர் இருப்பர். அதே செய்தியைக் காலைப் பெரட்டில் வாய்விட்டுச் சொன்னால் மாலைக்குள் கடைசி லயம்வரை பரவிவிடும். மறுநாள் காலையில் பத்துக் கேள்விகள் திரும்பி வரும். சட்டத்தின் கண்ணுக்குக் காகிதமும் அறிவிப்பே. மனிதனின் கண்ணுக்குப் பெரட்டிற் சொன்னதே அறிவிப்பு. பட்டணத்து மண்டபத்தில் படம் மாட்டி, வேலை நேரத்தில் கதவு திறந்து வைத்து, வந்தவர் குறைவு, ஆதலின் எதிர்ப்பில்லை என்று கணக்கெழுதுவது, ஒட்டிய காகிதத்தை ஊர் படித்ததாகக் கொள்வதற்கு ஒப்பாகும். படம் லயத்துக்கு வர வேண்டும். கோவில் மண்டபத்துக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வர வேண்டும். கேட்பவருக்குப் புரியும் மொழியில் வர வேண்டும்.

இதுகாறும் கேட்பவர் கடமையைப் பேசினோம். கேட்கப்படுவோர்க்கும் கடமை உண்டு. அதைச் சொல்லாது விட்டால் இக்கட்டுரையும் ஒற்றைக்கால் கட்டுரையாகும். ‘நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது? எல்லாம் தலைவிதி’ என்பது நம்மவர் வாயில் எளிதில் வரும் சொல். விதியின்மேற் பழிபோடுவோன் தன் வாயைத் தானே கட்டிக்கொள்கிறான். மூன்று மாதம் படம் தொங்கும்போது ஒரு வரியும் எழுதாதிருந்து, இயந்திரம் வந்தபின் அழுவது அறிவுடைமை ஆகாது. படத்தைப் பார்க்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவன் மற்றவர்க்கும் சேர்த்து எழுத வேண்டும். என் வீடு, என் கோவில், என் கடை என்பதோடு நில்லாமல், அடுத்த தெருவுக்கு வரும் நஷ்டத்தையும் எண்ணிப் பேச வேண்டும். வேண்டாம் என்பதோடு, எது வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நியாயமாகக் கேட்டு, நியாயமாகப் பதில் சொல்லி, அதன் பின்னும் முடிவு நம் விருப்பத்துக்கு மாறாக அமையுமாயின், அதை ஏற்கும் மனத்திண்மையும் வேண்டும். தன் கருத்து நிறைவேறாத இடமெல்லாம் தன்னைக் கேட்கவில்லை என்று முறையிடுவோன், நாளை உண்மையாகவே கேளாது விடுவோர்க்குத் துணைபோகிறான்.

திருவள்ளுவர் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் வகுத்து, செவியால் பெறுவதைச் செல்வங்களில் ஒன்றாக வைத்தார். அச்செல்வம் அரசனுக்கும் வேண்டும், அதிகாரிக்கும் வேண்டும், குடிமகனுக்கும் வேண்டும். ஊர் வளர வேண்டும். ரயில் வர வேண்டும். வடக்கே இன்னும் வர வேண்டும் என்பதே நம் விருப்பமும். வரும் பாதை எவர் வாசலைக் கடந்து வருகிறதோ அவர் பெயரறிந்து, அவரைக் கேட்டு, அவர்க்குப் பதிலுரைத்து வரட்டும். ஒரு வளைவு கூடலாம், ஓராண்டு தாமதிக்கலாம், சில கோடி வெள்ளி அதிகம் ஆகலாம். ஆயினும் அவ்வாறு வந்த ரயிலில் ஏறுபவன் எவனும், பிறனொருவன் வாயை மிதித்து ஏறினோம் என்று நாணவேண்டுவதில்லை.